செய்தித்தாள் அளவு கூடிய வீடு

இதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. என் பல்செட்டின் மேல் சத்தியம். சிரிக்க வேண்டாம். என்னிடம் மிச்சமிருக்கும் பொருள்களில் விலை கூடியது அதுதான். அது வாயில் இல்லாவிட்டால் எனக்கு மெய்யும் சொல்ல வராது, பொய்யும் சொல்ல வராது. ஆகவே யோசித்துத்தான் சத்தியம் செய்கிறேன்.

எங்கள் குடியிருப்பு, வருமானம் குறைந்த குடும்பங்களுக்கென்று அரசாங்கம் கட்டி, வங்கிக் கடனோடு சேர்த்துக் கையில் கொடுத்தது. எல்லாம் ஒரே அச்சில் வார்த்த வீடுகள். ஒரு கூடம், ஒரு படுக்கையறை, ஒருவர் உள்ளே போனால் மற்றவர் வெளியே காத்திருக்க வேண்டிய சமையலறை. ஜன்னல் கம்பி கோணியிருக்கும் விதம்கூட எல்லா வீட்டிலும் ஒன்றுதான். குடிவந்த புதிதில் நான் பக்கத்து வீட்டுக்குள் நுழைந்து, சட்டையைக் கழற்றி மாட்டி, கொடுத்த தேநீரையும் குடித்து முடித்திருக்கிறேன். சர்க்கரை போட்டிருந்ததால்தான் அது என் மனைவி போட்ட தேநீர் இல்லை என்று தெரிந்தது.

அந்தப் பக்கத்து வீடுதான் பெயிண்டரின் வீடு. அவர், அவர் மனைவி, பள்ளிக்கூடம் போகும் இரண்டு பெண்கள். பெயிண்டருடைய புருவத்தில் எப்போதும் ஏதாவதொரு நிறம் ஒட்டியிருக்கும். ஊரில் எந்தக் கட்டடத்தில் வேலை நடக்கிறதென்று அதைப் பார்த்தே சொல்லிவிடலாம். மனைவி ஒரு மருத்துவமனையின் சலவைக்கூடத்தில் துணிக்கு இஸ்திரிப் பெட்டி போடுகிறவர். படுக்கை விரிப்பு மடிப்பதுபோலவே பேச்சையும் ஓரம் பிசகாமல் மடித்துக் கொடுப்பார்.

பெயிண்டர் எத்தனையோ மாடிக் கட்டடங்களின் வெளிச்சுவரில் கயிற்றில் தொங்கி வேலை செய்தவர். ஒரு சிராய்ப்புகூட இல்லை. அப்படிப்பட்டவர் வீட்டுக் குளியலறையில் பல்பு மாற்ற முக்காலி மேல் ஏறினார், விழுந்தார், காலை முறித்துக்கொண்டார். முக்காலிக்கு ஒன்றும் ஆகவில்லை.

கால் கட்டோடு உட்கார்ந்தவருக்கு வேலை இல்லை. மனைவியின் சம்பளம் சாப்பாட்டுக்கும் மருந்துக்குமே பற்றவில்லை. வீட்டுத் தவணை நின்றது. வங்கி முதலில் அன்பாகக் கேட்டது, பிறகு அன்பில்லாமல் கேட்டது, கடைசியில் ஆள் அனுப்பிக் கதவில் ஏல அறிவிப்பை ஒட்டிவிட்டுப் போனது. மாதக் கடைசியில் வீட்டை ஏலத்தில் விட்டுவிடுவார்கள். பெண்கள் இரண்டு பேரும் அம்மாவின் முகத்தைப் பார்த்தார்கள். அம்மா அப்பாவின் முகத்தைப் பார்த்தார். பெயிண்டர் அறிவிப்பையே வெகுநேரம் பார்த்துவிட்டு, பசையைச் சமமாகத் தடவத் தெரியாதவனை அனுப்பியிருக்கிறார்கள் என்றார்.

ஏலச் செய்தி பரவினால் இரக்கப்பட ஆள் வந்துவிடும். மறுநாளே பளபளவென்று ஒருவர் வந்தார். வீட்டைத் தன் பெயருக்கு எழுதிக் கொடுத்தால் வங்கியைத் தான் பார்த்துக்கொள்வதாகவும், இவர்கள் வாடகை கொடுத்துக்கொண்டு இங்கேயே இருக்கலாம் என்றும், தானும் ஒரு காலத்தில் கஷ்டப்பட்டவன்தான் என்றும் சொன்னார். கடைசிப் பகுதியைச் சொல்லும்போது கண்ணைத் துடைத்துக்கொள்ள ஒரு கைக்குட்டைகூட வைத்திருந்தார். பெயிண்டர் பேனாவைத் தேடினார். நல்லவேளையாக அவர் மனைவி அதற்கு முந்தைய நாளே, செருப்புக் கடைக்கு மேல்மாடியில் இருக்கும் வீட்டுக்கடன் ஆலோசனை மையத்தில் போய் அழுதுவிட்டு வந்திருந்தார். சரியாக அந்த நேரத்துக்கு அந்த மையத்து மேடம் படியேறி வந்துவிட்டார்.

மேடத்துக்கு நடு வயது. தோளில் ஒரு பெரிய பை. அதற்குள் குடை, அளவு நாடா, டார்ச், மாற்றுச் செருப்பு, அழுகிறவர்களுக்குக் கொடுக்க மடித்த துணி எல்லாம் இருக்கும். இந்த மாதிரி ஆலோசனை சொல்கிறவர்கள் நிறையப் பேசுவார்கள் என்று நான் நினைத்திருந்தேன். இவர் கேட்க மட்டும்தான் செய்வார். கேள்வியும் சின்னப் பிள்ளை கேட்பதுபோல இருக்கும். இது எதுக்கு, அது ஏன், அப்புறம் என்ன ஆச்சு. பளபளப்பானவரையும் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். வீடு உங்கள் பேருக்கு வந்த பிறகு இவர்களுடைய பழைய கடனை யார் பெயரில் கட்டுவீர்கள் என்று. அவருக்கு வீட்டில் அடுப்பை அணைக்காமல் வந்தது ஞாபகம் வந்துவிட்டது. கைக்குட்டையைக்கூட எடுக்காமல் போய்விட்டார்.

இவ்வளவும் எனக்கு எப்படித் தெரியும் என்றால், நான் அங்கேதான் உட்கார்ந்திருந்தேன். ஆறுதல் சொல்லப் போகிறேன் என்று வீட்டில் சொல்லியிருந்தேன். உண்மையில் வேடிக்கை பார்க்கத்தான் போனேன்.

மேடம் பெயிண்டரின் மனைவி பக்கத்தில் தரையில் உட்கார்ந்து விஷயத்தை விளக்கினார். சிறுவீட்டுப் பாதுகாப்பு என்று அரசாங்கத்தில் ஒரு திட்டம் உண்டு. வீட்டுக்குள்ளே ஆள் புழங்கும் தரை, திட்டத்தில் சொன்ன அளவுக்கு மேல் போகாமல் இருக்க வேண்டும். இருந்தால், நோய்நொடியில் தவணை தவறியவர்களின் வீட்டை வங்கி ஏலம் போட முடியாது. நின்றுபோன தவணைகளைக் கடனின் வால் பக்கத்தில் கொண்டுபோய் ஒட்டி, மாதாமாதம் கட்டுவதையும் குறைத்துக் கொடுக்க வேண்டும். அளவுக்கு மேல் போனால் அது நடுத்தர வீடு. நடுத்தர வீட்டுக்காரர்களுக்குக் கால் முறிந்தால் அவர்களே பார்த்துக்கொள்வார்கள் என்பது அரசாங்கத்தின் நம்பிக்கை.

இந்தக் குடியிருப்பே அந்த அளவுக்குள் கட்டினதுதானே, அளந்து கையெழுத்து வாங்கினால் முடிந்தது என்று மேடம் சொன்னபோது, பெயிண்டரின் மனைவி, அறிவிப்பு ஒட்டிய பிறகு முதல் தடவையாக மின்விசிறியைப் போட்டார்.

அரசாங்கத்திலிருந்து அளக்க வந்தவர் நேர்மைக்காகவே மெலிந்தவர். அளக்கப் போகிற வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டார். குடித்தால் ஒரு விரல் தாட்சண்யம் வந்துவிடுமாம். கையில் ஒரு சின்னக் கருவி. சுவரோரம் வைத்து அழுத்தினால் சிவப்பாக ஒரு புள்ளி எதிர்ச்சுவரில் போய் உட்காரும், தூரம் எண்ணாக வந்துவிடும். கூடத்தை அளந்தார். படுக்கையறையை அளந்தார். கணக்குப் போட்டார். முகம் சுருங்கியது. மறுபடி அளந்தார். அப்புறம் பையிலிருந்து அன்றைய செய்தித்தாளை எடுத்து, அகலமாக விரித்துக் கூடத்தின் நடுவில் தரையில் போட்டார்.

“இவ்வளவு கூட இருக்கு,” என்றார்.

எல்லோரும் அந்தச் செய்தித்தாளைச் சுற்றி நின்று பார்த்தோம். அதில் பாதிப் பக்கத்துக்கு ஒரு அடுக்குமாடி விளம்பரம் இருந்தது, நீச்சல்குளத்தோடு.

பெயிண்டரின் மனைவி மெல்லச் சொன்னார். “அந்த இடத்துல நாங்க யாரும் கால் வைக்கல சார். அதை மட்டும் கழிச்சுக்கங்க.”

“அப்படிக் கழிக்க வழியில்லம்மா.”

“பொண்ணுங்களையும் மிதிக்க வேணாம்னு சொல்லிடறேன்.”

அளக்கிறவர் செய்தித்தாளை மடித்துக்கொண்டார். அவருக்கு மடிக்க வரவில்லை. பெயிண்டரின் மனைவிதான் வாங்கி, பெட்டி போட்டதுபோல மடித்துக் கொடுத்தார்.

மேடம் அசரவில்லை. ஒரே அச்சில் கட்டிய வீடு எப்படிப் பெரிதாகும் என்று என்னைப் பார்த்துக் கேட்டார். எனக்கு எப்படித் தெரியும்? ஆனாலும் கேட்டுவிட்டார்களே என்று, சந்தோஷமாக இருக்கிற வீடு கொஞ்சம் வளரும் என்றேன். அவர் அதையும் தள்ளிவிடாமல், அப்படியானால் உங்கள் வீட்டையும் அளந்து பார்க்கலாம் என்றார். வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். எங்கள் வீடு அளவுக்குள் கச்சிதமாக இருந்தது. சந்தோஷத்தைப் பற்றி அவர் ஒன்றும் கேட்காமல் விட்டது அவருடைய பெருந்தன்மை. என் மனைவிக்குத்தான் ஆறவில்லை. “அவங்களுக்கு மட்டும் எவன் பெருசா கட்டிக் குடுத்தான்?” என்று அன்று முழுக்கப் பாத்திரத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். வெயிலில் தண்டவாளம் நீள்வதுபோல நீண்டிருக்கும் என்றார் மாடிவீட்டுக்காரர். அடியில் தண்ணீர்க்குழாய் உடைந்து மண் ஊறி உப்பியிருக்கும் என்றார் தண்ணீர் விடுகிறவர். எனக்கு மட்டும் மனதுக்குள் ஒன்று உறுத்திக்கொண்டிருந்தது. பெரிய விஷயம் ஒன்றுமில்லை என்று யாரிடமும் சொன்னதில்லை. மேடம் கேட்டுக் கேட்டு அதையும் வாங்கிவிட்டார்.

பெயிண்டர் வீட்டில் தொலைக்காட்சி கிடையாது. எங்கள் வீட்டில் உண்டு. நகைச்சுவை வரும்போது நான் சிரிப்பேன். அதே நொடியில் சுவருக்கு அந்தப் பக்கமும் சிரிப்பார்கள். காதில் விழுகிறது போலிருக்கிறது என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் பேச்சே இல்லாத காட்சிக்கும் சிரித்தார்கள். ஒருநாள் நான் சேனலை மாற்றினேன். “பெரியப்பா, அதையே வைங்க,” என்று சுவருக்குள்ளிருந்து குரல் வந்தது. நாட்காட்டி மாட்ட ஒரு ஆணி அடித்தேன். அதன் மறுமுனையில் பெயிண்டர் சட்டை மாட்டிக்கொண்டார். நாங்கள் தேதி கிழிக்கும் போதெல்லாம் அவர் சட்டை விழும்.

மேடம் டார்ச்சை எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்து, சுவர் மேல் வெளிச்சத்தைப் பிடித்தார். பிறகு பெயிண்டரின் கூடத்துக்குப் போனார். டார்ச்சை நான் பிடித்துக்கொண்டிருந்தேன். அந்தப் பக்கத்துச் சுவரில் நிலா மாதிரி ஒரு வட்டம் தெரிவதாகவும், அதன் நடுவில் என் மூக்கு தெரிவதாகவும் அங்கிருந்தே சொன்னார்.

நான் டார்ச்சை அணைத்துவிட்டு அங்கே போனபோது, மேடம் பெயிண்டரிடம் பேசிக்கொண்டிருந்தார். பெயிண்டர் கால் கட்டை நீட்டி, சுவரோரம் உட்கார்ந்து, கேட்டதற்கெல்லாம் மரியாதையாகப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் வாய் பேச, வலது கை தன் பாட்டுக்குப் பின்னால் போய், ஒரு துண்டு உப்புத்தாளால் சுவரைத் தேய்த்துக்கொண்டிருந்தது. அது தேய்ப்பது அவருக்கே தெரியாது. மேடம் பேச்சை நிறுத்திவிட்டுத் தரையைப் பார்த்தார். பெயிண்டரின் இடுப்புக்குப் பின்னால் மாவு மாதிரி ஒரு சின்னக் குவியல்.

“அண்ணே, இது என்ன?”

“பழசு மேடம். பழசச் சுரண்டாம புதுசு பூசவே கூடாது. பூசினா அது வேலையே இல்ல.”

“எப்பெப்ப பூசுவீங்க?”

பெயிண்டர் உப்புத்தாளைத் தொடைக்கு அடியில் தள்ளினார். மனைவிதான் சேலைத் தலைப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னார். அவர்கள் வீட்டில் ஒரு வழக்கம். சண்டை வந்தால் பெயிண்டருக்கு மன்னிப்புக் கேட்க வாய் வராது. பேசாமல் எழுந்து, சுரண்டியை எடுத்து, சண்டை நடந்த சுவரை அடிவரைக்கும் சுரண்டி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, புதுநிறம் பூசிவிடுவார். அதுதான் சமாதானம். கல்யாணம் ஆன நாளிலிருந்து அப்படித்தான். சுரண்டும்போது பழைய பெயிண்டோடு அதற்கடியில் தடவிய பட்டியும் கொஞ்சம் வரும், பட்டியோடு கொஞ்சம் சிமெண்டுப் பூச்சும் வரும். பூசுவது ஒரு முடி கனம், போவது ஒரு நகக் கனம்.

“அவ்வளவு சண்டையா அக்கா?” என்று மேடம் கேட்டார்.

“சண்டைன்னு இல்ல மேடம்,” என்று பெயிண்டரின் மனைவி இழுத்தார். “சில நேரம் நிறம் சலிச்சுப்போயிடும். கேட்டா செய்ய மாட்டாரு. அதனால ஒரு சண்டையப் போடுவேன்.”

பெயிண்டர் அவரைத் திரும்பிப் பார்த்த பார்வை இருக்கிறதே, அத்தனை வருஷ மன்னிப்பையும் அவர் அந்த ஒரு பார்வையில் கூட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இப்படியாக வீடு வளர்ந்த காரணம் தெரிந்துவிட்டது. அதிகமாகச் சண்டை நடந்த இடம் கூடமாகையால், எங்களுக்கு நடுவில் இருந்த சுவர்தான் அதிகம் தேய்ந்திருந்தது. இனி அதை எப்படிச் சின்னதாக்குவது என்பதுதான் கேள்வி. நான் ஒரு அலமாரியைச் சுவரோடு சேர்த்துக் கட்டிவிடலாமே என்றேன். மேடம் வேண்டாம் என்று தலையசைத்தார். ஏமாற்றக் கூடாது, நாம் ஏமாற்றினால் அடுத்து வருகிற குடும்பத்தை வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள் என்றார். பிறகு எல்லோருக்கும் கேட்கும்படியாகவே அளக்கிறவருக்கு ஃபோன் செய்து, சுவர் என்பது எங்கே ஆரம்பிக்கிறது, செங்கல்லிலா, பூச்சிலா, பெயிண்டிலா என்று கேட்டார்.  இதுவரைக்கும் அவரை யாரும் அதைக் கேட்டதில்லை போலிருக்கிறது.

“கருவி எங்க முட்டுதோ அதான் மேடம் சுவர்,” என்றார்.

சுரண்டிப் போனதைப் பூசிக் கொண்டுவர வேண்டும், அவ்வளவுதான். காசு கொடுத்துப் பெயிண்டு வாங்க முடியாது. ஆனால் ஊரில் எந்தப் பெயிண்டர் வீட்டுக் கட்டிலுக்கு அடியிலும் மிச்ச டப்பாக்கள் நாலாவது இருக்கும். செய்தி போனதும் அவர்கள் வரிசையில் வந்தார்கள். பள்ளிக்கூடப் பச்சை வந்தது, மருத்துவமனை நீலம் வந்தது, சிறைச்சாலைச் சாம்பல் வந்தது. ஒருவர் கப்பலின் அடிப்பக்கத்துக்குப் பூசுகிற சிவப்பு கொண்டுவந்தார். இனி இந்த வீட்டில் சிப்பி ஒட்டாது என்று அவர் உறுதி கொடுத்தார்.

பூச்சு மேல் பூச்சாக ஏறியது. காலையில் பச்சையாக இருந்த கூடம் மத்தியானம் நீலமாகி மாலையில் சிவப்பாகும். பள்ளிக்கூடம் விட்டு வந்த பெண்கள் வேறு வீடு என்று திரும்பிப் போனார்கள். சுவரில் இருந்த ஒரு பல்லி அசையச் சோம்பல்பட்டு எல்லாப் பூச்சையும் வாங்கிக்கொண்டது. கடைசியில் அது ஆமை மாதிரி நடந்தது.

எல்லாரையும்விடக் கஷ்டப்பட்டவர் பெயிண்டர்தான். பழசைச் சுரண்டாமல் பூசுவதைக் கண்ணால் பார்க்க அவரால் முடியவில்லை. கூடத்தின் நடுவில் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, பாவிகளா, ஒரு தேய்ப்பாவது தேயுங்கள் என்று கெஞ்சினார். தன் பிழைப்பில் செய்யாத குற்றத்தைத் தன் வீட்டிலேயே செய்யவைக்கிறார்களே என்றார். அவர் மனைவி முன்யோசனையோடு சுரண்டியையும் உப்புத்தாளையும் எடுத்து என் மனைவியிடம் கொடுத்துவிட்டார். என் மனைவி அவற்றை மாவு டப்பாவுக்குள் ஒளித்து வைத்தாள். ஒரு வாரம் எங்கள் வீட்டுச் சாப்பாடு எல்லாம் கொஞ்சம் நறநறவென்று இருந்தது.

எங்களுக்கும் ஒரு இழப்பு இருந்தது. சுவர் கனக்கக் கனக்க அந்தப் பக்கத்துச் சிரிப்பு மங்கிக்கொண்டே வந்து, ஒருநாள் நின்றுவிட்டது. அன்று தொலைக்காட்சியில் நல்ல நகைச்சுவைதான் வந்தது. தனியாகச் சிரித்துப் பார்த்தேன். சரியாக வரவில்லை.

ஏலத்துக்கு முதல் நாள் அளக்கிறவர் வந்தார். டப்பாக்கள் எல்லாம் காலி. கடைசியில் எல்லா அடிமண்டியையும் ஒன்றாகக் கலந்து பூசியிருந்தார்கள். அந்த நிறத்துக்கு எந்த மொழியிலும் பெயர் இல்லை. பெயர் வைக்க எவருக்கும் மனம் வராது. மேடம் வந்திருந்தார். நானும் என் மனைவியும் வந்திருந்தோம். அளக்கிறவர் அளந்தார். கணக்குப் போட்டார். சட்டைப் பையிலிருந்து ஒரு தபால்தலையை எடுத்துத் தரையில் வைத்தார்.

“இவ்வளவுதான் கூட இருக்கு.”

“தபால்தலைதானே சார்,” என்றேன் நான்.

“இன்னைக்குத் தபால்தலைய விட்டா நாளைக்கு உறையையும் விடணும் ஐயா,” என்றார் அவர். சொல்லும்போது அவர் கண்ணும் நன்றாக இல்லை. அவரைக் குறை சொல்ல முடியாது.

 பெண்கள் இருவரும் புத்தகப் பையைக் கட்டிக்கொண்டு வாசல்படியில் உட்கார்ந்திருந்தார்கள். பெயிண்டர் தலையைக் குனிந்துகொண்டார். அவர் மனைவி மட்டும் சுவரை மேலிருந்து கீழாகப் பார்த்தார், கீழிருந்து மேலாகப் பார்த்தார், இடுப்பில் கையை வைத்துக்கொண்டார்.

“ஏங்க, இது ஒரு நிறமா?”

“இப்ப எதுக்கு அது,” என்றார் பெயிண்டர்.

“எதுக்கா? ஊர்ல இருக்கற சுவருக்கெல்லாம் அழகு பார்க்கத் தெரியுது. கட்டிக்கிட்டு வந்தவளுக்குக் கழுவாத சட்டி மாதிரி ஒரு சுவரு. இதுக்குத்தான் எங்கப்பா அப்பவே சொன்னாரு.”

“என்ன சொன்னாரு உங்கப்பா?”

“சுவருக்கு வாக்கப்படறதும் பெயிண்டருக்கு வாக்கப்படறதும் ஒண்ணு, ரெண்டும் வாயத் தொறக்காதுன்னாரு.”

பெயிண்டரின் கை தானாக நாற்காலிக்கு அடியில் சுரண்டியைத் தேடியது. சுரண்டி இல்லை. ஆனால் சண்டைக்கு முன்னால் அங்கே இல்லாத ஒரு டப்பா இருந்தது. இளமஞ்சள். சமையலறைக்கென்று அவர் மனைவி யாருக்கும் தெரியாமல் பதுக்கி வைத்திருந்தது. பெயிண்டர் கால் கட்டோடு எழுந்து நின்றார். மருத்துவர் பார்த்திருந்தால் அவருக்கு மயக்கம் வந்திருக்கும். சுரண்டாமலேயே, பல்லைக் கடித்துக்கொண்டு, பொதுச்சுவரில் பூச ஆரம்பித்தார்.

அந்தக் கை ஓடுகிற அழகை அளக்கிறவர் அதற்குமுன் பார்த்ததில்லை. ஒரு சொட்டு கீழே விழவில்லை. வாயைப் பிளந்து பார்த்தபடியே பின்னால் நகர்ந்தார், இன்னும் நகர்ந்தார், பூசி முடித்திருந்த ஓரத்தில் போய் வசதியாகச் சாய்ந்துகொண்டார். உள்ளே அத்தனை பூச்சும் சரியாகக் காயாமல் கிடந்தது. ஆளைப் பிடித்துக்கொண்டது.

முதலில் அவருக்குத் தெரியவில்லை. நகரப் பார்த்தபோதுதான் தெரிந்தது. நானும் மேடமும் ஆளுக்கொரு கையைப் பிடித்து இழுத்தோம். மனிதர் நீண்டாரே தவிர வரவில்லை. காய்ந்தால் விடும் என்று பெயிண்டர் சொன்னார். சரி என்று எல்லோரும் அவரைச் சுற்றி உட்கார்ந்தோம். சும்மா உட்கார மேடத்துக்கு வராதே. நீங்கள் எந்த மாதிரி வீட்டில் இருக்கிறீர்கள் சார் என்று கேட்டார்.

“வாடகை அறைதான் மேடம். எப்பவும்,” என்றார் அவர் சுவரிலிருந்து. “நான் அளந்த வீட்டையெல்லாம் அடுக்கினா ஒரு ஊரே வரும். எனக்குன்னு ஒரு சுவர் இல்ல.”

“இப்ப இருக்கே சார், முதுகுக்குப் பின்னால,” என்றார் பெயிண்டர்.

மனிதர் சிரித்துவிட்டார். அந்தக் குலுங்கலில் சட்டையின் முன்பக்கப் பொத்தான்கள் பட்பட்டென்று தெறித்தன. அவர் பனியனோடு முன்னால் வந்து விழுந்தார். சட்டை சுவரிலேயே நின்றுவிட்டது, கையை இரண்டு பக்கமும் விரித்துக்கொண்டு. பெயிண்டரின் மனைவி உள்ளே ஓடிப்போய்ப் புருஷனுடைய நல்ல சட்டை ஒன்றைக் கொண்டுவந்து நீட்டினார். அவர் வாங்க மறுத்துவிட்டார். தாட்சண்யம் வந்துவிடுமாம். அதற்குள் பெயிண்டருக்குப் பொறுக்கவில்லை. மேடும் பள்ளமுமாக ஒரு சுவரை விட்டுவைக்க அவரால் முடியுமா? சட்டையின் மேலேயே பூசி, இழைத்து, காலர் எங்கே கை எங்கே என்று தெரியாமல் கண்ணாடி மாதிரி ஆக்கிவிட்டார்.

அளக்கிறவர் பனியனோடு நின்று கடைசி முறையாகக் கருவியை வைத்தார். சிவப்புப் புள்ளி, சட்டை இருந்த இடத்தில் போய் உட்கார்ந்தது. எண் வந்தது. அவர் கணக்குப் போட்டார். நேர்மைக்காரர் ஆகையால் திரும்பவும் போட்டார். பிறகு குனிந்து, தரையில் இருந்த தபால்தலையை எடுத்துச் சட்டைப் பைக்குள் வைக்கப் போனார். பை சுவரில் இருந்தது. தபால்தலையை மேடத்திடம் கொடுத்தார்.

“அளவுக்குள்ள இருக்கு,” என்றார்.

மேடம் அப்போதும் விடவில்லை. “சட்டையக் கழிக்கணுமா சார்?”

“எந்தச் சட்டை?” என்றார் அவர். “கருவி எங்க முட்டுதோ அதான் சுவர்.”

கையெழுத்துப் போட்டுவிட்டு, நெஞ்சை நிமிர்த்தி, பனியனோடு படியிறங்கித் தெருவில் நடந்து போனார். அவ்வளவு கம்பீரமாக நடந்த அரசாங்க ஊழியரை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

வங்கி ஏலத்தை நிறுத்தியது. நின்ற தவணைகள் கடனின் வாலில் போய் ஒட்டிக்கொண்டன. பெயிண்டரின் மனைவி கதவிலிருந்த அறிவிப்பை ஈரத்துணி வைத்து ஊறவைத்து, ஓரம் கிழியாமல் எடுத்தார். மேடம் கிளம்பும்போது ஒன்றே ஒன்று சொன்னார். அடுத்த முறை ஒரு தவணை நிற்கும்போதே செருப்புக் கடைக்கு மேலே வந்துவிடுங்கள், கதவில் ஒட்டுகிற வரைக்கும் காத்திருக்காதீர்கள் என்று. இதை எங்கள் குடியிருப்பில் ஒவ்வொரு வீடாகப் போய்ச் சொல்லிவிட்டுத்தான் போனார். எங்கள் வீட்டிலும் சொன்னார்.

பெயிண்டர் குடும்பம் இன்றைக்கும் அதே வீட்டில்தான் இருக்கிறது. நம்பாதவர்கள் நேரில் வந்து பார்த்துக்கொள்ளலாம், வாசலில் அவர் பெயரே எழுதியிருக்கிறது. அந்த வீட்டின் சுவர்கள், எங்கள் குடியிருப்பில் உள்ள எல்லா வீட்டுச் சுவர்களையும் போல, கட்டிய நாளிலிருந்து இன்றுவரை பூச்சோ பெயிண்டோ காணாத வெறும் செங்கல். இதுவும் என் பல்செட்டின் மேல் சத்தியம்தான்.